புதிய விரிவுரையாளர்களுக்குப் பாடநெறி வடிவமைக்கப் பழக்குதல்: முதன்முறை பயிற்சி நடத்துவோருக்கான செய்முறை

பட்டப்படிப்பில் முதலாம் வகுப்புச் சித்தி பெற்ற ஒருவர் தற்காலிக விரிவுரையாளராக நியமனம் பெற்று, அடுத்த வாரமே எண்பது மாணவர்களின் முன்னால் நிற்பது நமது பல்கலைக்கழகங்களில் வழக்கமான காட்சி. அவருக்குப் பாடம் தெரியும். ஆனால் அந்தப் பாடத்தைப் பதினைந்து வாரங்களுக்குரிய ஒரு பாடநெறியாக எப்படிக் கட்டுவது என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். தகுதிகாண் விரிவுரையாளர்களுக்குப் பணியாளர் அபிவிருத்தி நிலையங்கள் உயர்கல்விக் கற்பித்தலில் சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகின்றன. தற்காலிகமாக வருவோருக்கும், அந்தப் பயிற்சி தொடங்கும் வரை காத்திருப்போருக்கும், மூத்தவர் ஒருவர் மூன்று நாள் கூடவே இருந்து பழக்குவதுதான் கைகொடுக்கும். அந்தப் பொறுப்பை முதன்முறையாக ஏற்றிருக்கும் மூத்தவருக்காக, திருகோணமலையில் இத்தகைய பயிற்சிகளை நடத்திப் பெற்ற அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

நான் நடத்திய முதற்பயிற்சி பயன் தரவில்லை. இரண்டு முழு நாட்களும் மூடில் என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதையே காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து அவர்களுடைய பாடப் பக்கங்களைத் திறந்து பார்த்தபோது, முந்தைய ஆண்டின் ஸ்லைடுகள் பிடிஎஃப் கோப்புகளாக வரிசையாக ஏற்றப்பட்டிருந்தனவேயன்றி வேறொன்றும் இருக்கவில்லை. அதில் அவர்களுடைய தவறு எதுவும் இல்லை. எதற்காக என்று கேட்பதற்கு முன்பே எப்படி என்று நான் கற்பித்துவிட்டேன். அதன் பின்னர், கற்றல் பேறு (பாடநெறி முடிவில் மாணவரால் செய்ய முடிய வேண்டியது) முதலில், மதிப்பீடு அடுத்து, கற்பிக்கும் முறை அதற்கடுத்து, கருவி கடைசியில் என்ற ஒழுங்கை நான் மாற்றியதில்லை. பேறு, கற்பித்தல், மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒரே திசையை நோக்கியிருக்க வேண்டும் என்ற கருத்தைக் கல்வியியலாளர் ஜோன் பிக்ஸ் 1996 இல் விரிவாக எழுதினார். கீழே உள்ள படிகள் அந்தக் கருத்தின் மேல்தான் நிற்கின்றன.

படி 1: ஒவ்வொருவரும் தம் சொந்தப் பாடத்துடன் வரட்டும்

மாதிரிப் பாடநெறி ஒன்றை நீங்களே தயாரித்துக் காட்ட வேண்டாம். அதைப் பார்த்துத் தலையசைப்பார்கள், வீடு சென்றதும் மறந்துவிடுவார்கள். பயிற்சிக்கு ஒரு வாரம் முன்னரே, அவரவர் அடுத்த அரையாண்டில் கற்பிக்கப்போகும் பாடநெறியின் பாடத்திட்டம், சென்ற ஆண்டின் பரீட்சை வினாத்தாள், மாணவர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கொண்டுவருமாறு கேளுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், ஏனெனில் ஒவ்வொருவரின் தாளையும் நீங்கள் வரிவரியாக வாசிக்க வேண்டியிருக்கும். பல துறையினர் கலந்திருப்பது நல்லது. திருகோணமலையின் கோணேசபுரி வளாகத்தில் பிரயோக விஞ்ஞானமும் தொடர்பாடலும் வணிகமும் சித்த மருத்துவமும் அருகருகே கற்பிக்கப்படுகின்றன. பௌதிகவியலாளர் எழுதிய ஒரு பேறு சித்த மருத்துவருக்கு விளங்கவில்லையென்றால், அது முதலாம் ஆண்டு மாணவருக்கும் விளங்காது.

படி 2: கற்றல் பேறுகளைக் கண்ணால் காணக்கூடிய வினைகளில் எழுதச் செய்யுங்கள்

முதல் நாளின் காலைப்பொழுது முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். பெரும்பாலானோர் எழுதும் முதல் வரி "மாணவர் புரிந்துகொள்வர்" என்றே முடியும். பௌதிகவியல் கற்பிக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவர், "அளவீட்டு வழுக்களைப் புரிந்துகொள்வர்" என்று எழுதியிருந்தார். அவரருகில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, "மிஸ், அவர்கள் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்பதை நீங்கள் எதைப் பார்த்துச் சொல்வீர்கள்?" என்று கேட்டேன். "கேள்வி கேட்டால் பதில் சொல்வார்கள், சேர்" என்றார். "என்ன கேள்வி?" என்றேன். சற்று நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தவர், கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அங்குள்ள ஏழு கிணறுகளின் வெப்பநிலையும் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும். மாணவரிடம் வெப்பமானியைக் கொடுத்தால் ஒரே கிணற்றுக்கே ஒவ்வொருவரும் வெவ்வேறு வாசிப்பைக் கொண்டுவருவார்கள் என்றார். அரை மணி நேரத்தில் அவருடைய பேறு இவ்வாறு மாறியது: "இரு கிணறுகளின் வெப்பநிலையைத் தலா பத்து முறை அளந்து, இடையையும் (சராசரி) நியம விலகலையும் (வாசிப்புகள் இடையிலிருந்து சிதறும் அளவு) கணித்து, அவற்றுக்கிடையேயான வேறுபாடு மெய்யானதா, வழுவினால் தோன்றியதா என்பதைக் காரணம் காட்டி எழுதுவர்."

இந்த மாற்றம்தான் பயிற்சியின் உயிர். அளந்து, கணித்து, காரணம் காட்டி என்ற மூன்று வினைகளையும் கண்ணால் காணலாம், புள்ளியும் இடலாம். வினைச்சொல் தேடித் தடுமாறுவோருக்கு, கல்வியியலாளர் பெஞ்சமின் புளூமின் 1956 ஆம் ஆண்டுக் கற்றல் நோக்க வகைப்பாட்டின் 2001 திருத்தத்தில் உள்ள ஆறு நிலைகளை (நினைவுகூரல், விளங்கிக்கொள்ளல், பிரயோகித்தல், பகுப்பாய்தல், மதிப்பிடல், ஆக்கல்) பலகையில் எழுதி வையுங்கள். ஆனால் ஒவ்வொரு பாடநெறியும் ஆறு நிலைகளையும் தொட வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். ஒரு பாடநெறிக்கு நான்கு முதல் ஆறு பேறுகள் போதும். பதினான்கு பேறுகள் எழுதியவரிடம், அவற்றில் எந்த ஐந்தை விட்டுக்கொடுக்கவே மாட்டார் என்று கேட்டால், மற்றவை தாமாகவே கழியும்.

படி 3: ஸ்லைடுக்கு முன் வினாத்தாள்

பேறுகள் அமைந்ததும் கொண்டுவந்த பழைய வினாத்தாளை எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே, அது எந்தப் பேற்றை அளக்கிறது என்று பென்சிலால் எழுதட்டும். இந்த வேளையில் அறை அமைதியாகிவிடும். அந்தப் பௌதிகவியல் தாளில் "வழுக்களின் வகைகளை விளக்குக" என்ற வினாவுக்கு இருபது புள்ளிகள் இருந்தன. மனனம் செய்தவர் முழுப் புள்ளியும் பெறுவார், வெப்பமானியைக் கையில் பிடித்திராதவரும் பெறுவார். அந்த இடத்தில், இரு கிணறுகளின் வாசிப்புகளை அட்டவணையாகக் கொடுத்து முடிவெடுக்கச் சொல்லும் வினாவை அவர் வைத்தார். புள்ளித்திட்டத்தையும் அப்போதே எழுத வையுங்கள். கணிப்புக்கு எத்தனை, காரணத்துக்கு எத்தனை என்று பிரித்துப் பார்க்கும்போதுதான், வகுப்பில் எதற்கு அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பது ஆசிரியருக்குத் தெரியவரும்.

படி 4: மாணவரின் மணித்தியாலங்களைக் கணக்கிடுதல்

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 50 கற்றல் மணித்தியாலங்கள். விரிவுரை, சுயகற்றல், ஒப்படை, பரீட்சை ஆயத்தம் எல்லாம் இதற்குள் அடங்கும். எனவே 2 கிரெடிட் பாடநெறிக்கு 100 மணித்தியாலங்கள். விரிவுரைக்கு 30 போனால் மீதி 70. அதைப் பதினைந்து வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 4 மணி 40 நிமிடம். இந்த எண்ணைத் தாளின் தலைப்பில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஓர் ஒப்படையும் அறுபது பக்க வாசிப்பும் கொடுக்க எண்ணியிருப்பவர், மாணவர் அதே வாரத்தில் வேறு ஐந்து பாடநெறிகளையும் சுமக்கிறார் என்பதை இங்கேதான் உணர்வார்.

படி 5: ஒரு வகுப்பைத் திட்டமிடுதல்

பதினைந்து வாரங்களுக்கும் ஒரேயடியாகத் திட்டமிட வைப்பது வீண் களைப்பு. மாணவர் வழமையாகத் தடுக்கி விழும் ஒரு வாரத்தைத் தெரிந்தெடுத்து, அந்த வாரத்தின் ஒரு மணி நேர வகுப்பை மட்டும் முழுமையாக அமைக்கட்டும். அதன் நடுவே ஒரு கருத்து வினா, அதாவது மனனத்தை விட்டு விளக்கத்தைச் சோதிக்கும் வினா, இருக்க வேண்டும். ஹார்வர்டில் எரிக் மசூர் 1991 இல் பௌதிகவியல் வகுப்பில் கையாளத் தொடங்கிய சகபாடிக் கற்பித்தல் முறை இதற்கு மிகப் பொருத்தமானது. வினாவைக் காட்டி, ஒவ்வொருவரையும் தனித்தனியே விடை தெரிவிக்கச் சொல்ல வேண்டும். பின்னர் பக்கத்தில் இருப்பவருக்குத் தம் விடையை விளங்கப்படுத்தச் சொல்ல வேண்டும். அதன்பின் மீண்டும் விடை கேட்க வேண்டும். மூன்றிலொரு பங்கினர்கூடச் சரியாகச் சொல்லாவிட்டால் கலந்துரையாடலில் பயனில்லை, பாடத்தையே மீளக் கற்பிக்க வேண்டும். ஏறக்குறைய அனைவரும் சரியென்றால் அடுத்ததற்குப் போகலாம்.

பௌதிகவியலாளர் அமைத்த வினா இது: "ஒரு வெப்பமானி எப்போதும் 0.5 பாகை கூட்டியே காட்டுகிறது. பத்து முறை அளந்து இடை எடுத்தால் இந்த வழு குறையுமா?" பயிற்சிக்கு வந்திருந்தவர்களிலேயே பாதிப்பேர் "குறையும்" என்றார்கள். ஒவ்வொரு முறையும் கூடியும் குறைந்தும் வரும் எழுமாற்று வழுவை இடை குறைக்கும், எப்போதும் ஒரே பக்கம் சாயும் முறைசார் வழுவை அது தொடவும் செய்யாது. வணிகத் துறையைச் சேர்ந்தவர் ஒருவர், தராசே பிழையென்றால் பத்துத் தரம் நிறுத்தாலும் பிழைதானே என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னதும் அந்த மேசை முழுவதும் விடையை மாற்றிக்கொண்டது.

விடை தெரிவிப்பதற்கு நால்வண்ண அட்டைகள் போதும். எண்ணிக்கையைப் பதிவு செய்ய விரும்புவோருக்குப் பிளிக்கர்ஸ் என்ற செயலி உண்டு. மாணவர் அச்சிட்ட அட்டையை உயர்த்துவர், ஆசிரியரின் கைபேசி ஒன்றே அனைத்தையும் படித்துவிடும்.

படி 6: இப்போது மூடில்

மார்ட்டின் டூகியாமஸ் 2002 இல் வெளியிட்ட மூடில், இலவசத் திறமூல மென்பொருள் என்பதால் நமது பல்கலைக்கழகங்களில் பரவலாகப் பயன்படுகிறது. அதில் உள்ள எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டாம். மூன்று செயற்பாடுகள் போதும்.

முதலாவது வினாடி வினா. ஐந்தே வினாக்கள் போதும், ஆனால் ஒவ்வொரு பிழையான தெரிவும் மாணவர் உண்மையில் செய்யும் ஒரு தவறிலிருந்து பிறந்ததாக இருக்கட்டும். அந்தத் தெரிவுக்குரிய பின்னூட்டப் பெட்டியில், ஏன் பிழை என்பதை இரண்டு வரியில் எழுத வையுங்கள். அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டுச் செல்வோரே அதிகம். அப்படி விட்டால் வினாடி வினா புள்ளி போடும் பொறியாக மட்டுமே நிற்கும். இரண்டாவது ஒப்படைப் பெட்டி, படி 3 இல் எழுதிய புள்ளித்திட்டத்தை மாணவர் முன்கூட்டியே பார்க்கும்படி அதனுடன் இணைத்து.

மூன்றாவது சொற்றொகுதி. ஆங்கில மொழிமூலத்தில் கற்கும் நமது மாணவர் உயர்தரத்தைத் தமிழிலோ சிங்களத்திலோ முடித்துவிட்டு வருகிறார்கள். வாரத்துக்கு ஐந்து கலைச்சொற்களை மூன்று மொழிகளிலும் அவர்களே சொற்றொகுதியில் பதிந்து வந்தால், தளத்தில் தன்னியக்க இணைப்பு வசதி இயக்கப்பட்டிருக்கும்போது, பாடப் பக்கத்தில் அந்தச் சொல் வருமிடமெல்லாம் விளக்கத்துடன் இணைந்துகொள்ளும். மூதூரிலிருந்து வந்த மாணவரும் மாத்தறையிலிருந்து வந்த மாணவரும் ஒரே சொல்லுக்குத் தத்தம் மொழியில் பெயர் எழுதுவதை நான் மிகவும் மதிக்கிறேன். இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

முடித்ததும் ஒவ்வொருவரும் தமது வகிபாகத்தை மாணவராக மாற்றி, கைபேசியில் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஆசிரியருக்குத் தெரிவது மாணவருக்கு மறைந்திருப்பது அடிக்கடி நடக்கும். கோப்பின் அளவையும் அப்போதே பார்க்கட்டும். பத்து நிமிடக் குரல்பதிவு 64 கேபிபிஎஸ் தரத்தில் 4.8 எம்பி மட்டுமே, ஒரு மணி நேர வீடியோ நூற்றுக்கணக்கான எம்பியை விழுங்கும். 2020 இல் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் சூம் வழியாக நாடெங்கும் வகுப்புகள் நடந்த காலத்தில், மரத்தடியிலும் மொட்டை மாடியிலும் சமிக்ஞை தேடிய மாணவரை நினைத்தால் இந்தக் கணக்கின் அருமை விளங்கும்.

படி 7: வகுப்பறையில் ஒத்திகை

கற்பிக்கப்போகும் அறைக்கே அழைத்துச் செல்லுங்கள். பழைய விஜிஏ வடம் படத்தை மட்டுமே கடத்தும், ஒலிக்கு வேறு வடம் வேண்டும். கடலை நோக்கிய அறைகளில் காலை வெயில் திரையில் விழும்போது சாம்பல் எழுத்துகள் மறைந்துவிடும். ஆகவே வெண்பின்னணியில் கறுப்பு எழுத்து, அளவு 28 இற்குக் குறையாமல். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததை நாம் கண்டிருக்கிறோம். புரொஜெக்டர் இல்லாமல் வெண்பலகையில் மட்டும் அதே வகுப்பை எப்படி நடத்துவது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கோப்பில் வைத்திருக்கட்டும்.

படி 8: பத்து நிமிடக் கற்பித்தல்

மூன்றாம் நாள் முழுவதும் நுண்கற்பித்தல். 1960களில் ஸ்டான்போர்டில் உருவான இம்முறையில் ஒருவர் பத்து நிமிடம் கற்பிப்பார், மற்றவர்கள் மாணவராக இருந்து பின்னூட்டம் தருவார்கள், அவர் அதே பகுதியைத் திருத்தி மீண்டும் கற்பிப்பார். நேரம் போதவில்லை என்று இரண்டாம் முறையைக் கைவிடாதீர்கள், பயன் முழுவதும் அதில்தான் இருக்கிறது. பின்னூட்டத்தில் "நன்றாக இருந்தது" என்ற சொல்லுக்கு இடம் கொடுக்க வேண்டாம். "வினாவைக் கேட்டுவிட்டு இரண்டு விநாடியில் நீங்களே விடை சொன்னீர்கள்" என்பதுபோல், கண்டதைச் சொல்லட்டும்.

படி 9: நான்காம் வாரத்தில் பின்வரிசையில்

அரையாண்டு தொடங்கி நான்காம் வாரம், முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒவ்வொருவரின் வகுப்பிலும் பின்வரிசையில் அமருங்கள். ஆசிரியரைப் பார்ப்பதைக் குறைத்து, உங்கள் முன்னால் இருக்கும் மூன்று மாணவரின் குறிப்புப் புத்தகங்களைப் பாருங்கள்: என்ன எழுதுகிறார்கள், எங்கே எழுதுவதை நிறுத்துகிறார்கள், கருத்து வினாவின்போது யாருடன் பேசுகிறார்கள். கண்டவற்றை அரைப் பக்கத்தில் எழுதி, அன்று மாலையே அந்த விரிவுரையாளரிடம் மட்டும் கொடுங்கள். துறைத்தலைவருக்குப் பிரதி அனுப்ப வேண்டாம்.