முற்றவெளியில் றெகே: எங்கே நின்று கேட்பது?

யாழ்ப்பாணம் முற்றவெளி போன்ற திறந்த திடலில் றெகே (ஜமேக்கா இசை), சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) கச்சேரி என்றால் மேடைக்கு முன்னால் முண்டியடிக்க வேண்டாம். ஒலிக்கலவை மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒலியமைப்பாளர் தன் காதால் சமன்செய்வது அந்த இடத்தில்தான். பேஸ் (தாழ்ந்த ஒலி) மங்கிக் கேட்டால் இரண்டு மூன்று மீற்றர் பக்கவாட்டில் நகருங்கள். பேஸில் வரும் 60 ஹேர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் கிட்டத்தட்ட 5.7 மீற்றர், மேடையின் இரு பக்க ஒலிபெருக்கிப் பெட்டிகளின் அலைகளும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். றெகேக்கு பேஸ்தான் உயிர், அது நெஞ்சில் அதிரவேண்டும்!

'வன் டிரொப்' என்ற றெகே தாளத்தில், நான்கு அடிகளில் முதலாம் அடி வெறுமையாக இருக்கும். பெரிய டிரம் மூன்றாம் அடியில்தான் விழும். அந்த மூன்றில் உடலை இறக்கி ஆடிப்பாருங்கள், மனப்பாரமும் கூடவே இறங்கும். சோலுக்கு 2ஆம், 4ஆம் அடிகளில் கைதட்டுங்கள்.

கடற்காற்று பலமென்றால், மேடையிலிருந்து காற்று வீசிப்போகும் பக்கமே நல்லது. எதிர்ப்பக்கத்தில் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். பிள்ளைகளுக்குக் காதடைப்பான் கட்டாயம்.