அம்மாவின் அறைக்கு ஏர் ப்யூரிஃபையர் வாங்கும்போது கற்றுக்கொண்டவை

என் அம்மாவுக்கு இருபது வருடமாக ஆஸ்துமா. எங்கள் வீடு வட சென்னையில், கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மார்கழி முடியும் நேரம் வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்துவிடுவார். அந்த இழுப்புச் சத்தம் பக்கத்து அறையில் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும். அதைத் தாங்காமல்தான் கடைக்கு ஓடினேன்.

அவசரத்தில் வாங்கிய முதல் மெஷின் தப்பாகிவிட்டது. அலமாரி மேல் வைக்கிற சின்ன சைஸ். "அயனைசர் இருக்கு சார், மலைக்காத்து மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். காற்றில் மின்னேற்றம் செய்யும் பாகம்தான் அயனைசர். மூன்றாம் நாளே அம்மா, "என்னப்பா, ஜெராக்ஸ் கடையில வர்ற மாதிரி வாசனை வருது, தொண்டை அரிக்குது" என்றார். அது ஓசோன் வாசனை. அயனைசர் உள்ள சில மெஷின்கள் ஓசோனை வெளியிடும். அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு. வீசிங் உள்ளவர் வீட்டுக்கு அயனைசரும் ஓசோனும் இல்லாத மெஷின்தான் நல்லது. அயனைசர் உள்ள மெஷின்தான் கிடைத்தது என்றால், அதை மட்டும் தனியாக அணைத்துவைக்கும் பட்டன் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டாவது முறை இஞ்ச் டேப்போடு ஆரம்பித்தேன். அம்மாவின் அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. பெருக்கினால் 1,200 கன அடி; 35.3ஆல் வகுத்தால் 34 கன மீட்டர். ஆஸ்துமா உள்ளவர் அறையில் ஒரு மணி நேரத்தில் ஐந்து முறையாவது காற்று முழுக்கச் சுத்தமாக வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். 34ஐ 5ஆல் பெருக்கினால் 170. மெஷின் பெட்டியில் 'சிஏடிஆர்' என்று ஓர் எண் போட்டிருக்கும். மணிக்கு இத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்பது அதன் அர்த்தம். அந்த எண் 170க்குக் கீழே இருந்தால் எங்களுக்கு ஆகாது. ஆனால் அது மெஷினை முழு வேகத்தில் ஓட்டி அளந்தது. முழு வேகத்தில் வரும் இரைச்சலில் வயதானவர்கள் தூங்க முடியாது, அணைத்துவிடுவார்கள். அதனால் 250க்கு மேல் உள்ளதாக வாங்கி நடு வேகத்தில் ஓட்டுகிறேன். '400 சதுர அடிக்குப் போதும்' என்ற விளம்பர வரியை மட்டும் நம்பாதீர்கள். மணிக்கு எத்தனை முறை என்று அதில் இருக்காது.

அப்புறம் ஃபில்டர். நுண்ணிய தூசியைப் பிடிக்கும் ஃபில்டர் வகைக்கு ஹெப்பா என்று பெயர். அசல் ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஐரோப்பிய தரத்தில் எச்13 என்று போட்டிருப்பதும் நல்லதே. 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா லைக்' என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். புகை வாடைக்கு ஹெப்பா போதாது. கார்பன் ஃபில்டர் வேண்டும். அதுவும் தாள் போல மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மெஷின் விலையோடு மாற்று ஃபில்டரின் விலையையும் அன்றைக்கே கேளுங்கள். லாரிப் புழுதிக்கு எங்கள் வீட்டில் ஒரு ஃபில்டர் ஒரு வருடத்துக்கு மேல் தாங்குவதில்லை. கரண்ட் பெரிய செலவில்லை: 40 வாட் மெஷின் பத்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட்கூட ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பல மெஷின்களில் ஃபில்டர் பிளாஸ்டிக் கவரோடுதான் உள்ளே இருக்கும். அதைப் பிரிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன். வெளிப்பக்கம் இருக்கும் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தட்டுகிறேன். முடியும் நூலும் பவுடரும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தை மாதிரி உரிந்து வரும். ஹெப்பாவை மட்டும், கழுவலாம் என்று போட்டிருந்தாலொழிய, தண்ணீரில் நனைக்காதீர்கள்.

சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, திரைச்சீலைக்குப் பின்னால் போகாமல், கட்டில் பக்கத்தில் வையுங்கள். கதவு சாத்தியிருக்கட்டும். ஹாலில் வைத்தால் வீடு முழுக்கச் சுத்தமாகும் என்பது நடக்காது. ஒரே மெஷின்தான் வாங்க முடியும் என்றால், அது படுக்கையறைக்குத்தான்.

மெஷினால் ஆகாதவையும் உண்டு. மெத்தைத் தூசியில் வாழும் பூச்சிகளின் கழிவு கனமானது, காற்றில் ரொம்ப நேரம் நிற்காது. அதற்குத் தலையணை உறையையும் பெட்ஷீட்டையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்க வேண்டும். மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறிப் பூசணம் பிடித்தால், கசிவை அடைப்பதுதான் வழி. கொசுவர்த்தியை நிறுத்தி வலை கட்டினோம். அம்மாவுக்குச் சாம்பிராணி இல்லாத வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே தெரியவில்லை, வருத்தப்பட்டார். இப்போது பூவும் விளக்கும் மட்டும்.

இன்ஹேலரை டாக்டர் சொன்னபடி இன்றும் எடுக்கிறார். மெஷின் வந்துவிட்டது என்று அதில் ஒரு வேளையும் குறைக்கவில்லை, நீங்களும் குறைக்காதீர்கள்.

போகிக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கே ஜன்னல்களைச் சாத்தி, கதவின் அடி இடுக்கில் ஈரத் துண்டை வைத்து, மெஷினை நடு வேகத்தில் விட்டுவிடுவேன். விடியற்காலை நாலு மணிக்குத் தெருவில் டயர் வாடை கிளம்பும்போது எழுந்து முழு வேகத்துக்கு மாற்றுவேன். போன போகிக்கு நான் உள்ளே போனபோது, காற்று சுத்தமாக இருக்கிறது என்று காட்டும் பச்சை விளக்கு மெஷினில் எரிந்தது. அம்மா தலையணையில் சாய்ந்து உட்காராமல், ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.