ஓப்பன் சோர்ஸில் முதல் பங்களிப்பு: ஏஐ கருவியைப் பொறுப்போடு பயன்படுத்துவது எப்படி?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து உயர்தரம் எழுதிவிட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். ஓப்பன் சோர்ஸ் பக்கம் வாருங்கள்: நிரலை யாரும் திறந்து பார்த்து, திருத்தமும் அனுப்பக்கூடிய மென்பொருள் திட்டங்கள் அவை. எந்தத் தோட்டம், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காமல், அனுப்பிய வேலை சரியா என்று பார்க்கிற இடம் அது. அந்த நிரல்கள் வைக்கப்படும் கிட்ஹப் தளத்தில் உங்கள் பெயரில் ஏற்கப்பட்ட ஒரு மாற்றத்தை, நாளைக்குக் கொழும்பில் வேலை கேட்டுப் போகும்போது யாரும் திறந்து பார்க்கலாம். அந்தப் பெயர் உங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

ஏஐ கருவியைத் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒரு பழைய லேப்டொப்பும் போன் ஹொட்ஸ்பொட்டும் மட்டும் இருக்கிறவருக்கு, பக்கத்தில் கேட்க ஓர் அண்ணனோ அக்காவோ இல்லாதவருக்கு, அது பெரிய துணை. எங்கே துணை, எங்கே ஆபத்து என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: அந்தத் திட்டத்தின் விதியைப் படியுங்கள்

ரெப்போவை (திட்டத்தின் நிரல் கோப்புகள் இருக்கும் இடம்) திறந்ததும், பங்களிப்பு விதிகள் எழுதியிருக்கும் 'கொன்ட்ரிபியூட்டிங்' என்ற கோப்பைத் தேடுங்கள். ஏஐ பற்றிய நிலைப்பாடு திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஜென்டூ லினக்ஸ் என்ற இயங்குதளத் திட்டம் 2024 ஏப்ரலில் ஏஐ எழுதிய பங்களிப்புகளுக்குத் தடை போட்டது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் கியூஇஎம்யூ என்ற மென்பொருள் திட்டம் 2025இல் அதே முடிவுக்கு வந்தது. இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான ஃபெடோரா 2025 ஒக்டோபரில் அனுமதித்தது. ஆனால் முழுப் பொறுப்பும் அனுப்பியவருடையது என்றது. கம்பைலர் கருவிகளை உருவாக்கும் எல்எல்விஎம் திட்டம் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று குறித்த வேலைகளுக்கு ஏஐ கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அவை புதியவர் கற்றுக்கொள்வதற்கென்றே ஒதுக்கி வைத்தவை, கருவி செய்துவிட்டால் யார் கற்பது? எனக்கு இது மிகச் சரியான விதியாகப் படுகிறது. விதி எதுவும் எழுதியில்லை என்றால், அந்த வேலையைப் பதிவுசெய்திருக்கும் பக்கமான இஷ்யூவிலேயே ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

படி 2: பிழையை உங்கள் கண்ணால் பாருங்கள்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ரயில் நேரம் காட்டும் ஒரு சின்னச் செயலி, பைதனில் எழுதியது. திரையில் இடம் போதாததால் நிலையத்தின் பெயரை ஐந்து எழுத்தோடு வெட்டுகிறது. ஆங்கிலத்தில் சிக்கல் இல்லை. தமிழில் 'ஹட்டன்' என்பது 'ஹட்டன' என்று வருகிறது. புள்ளியைக் காணோம்.

ரெப்போவை இறக்கி, ஓட்டி, இதே பிழை உங்கள் திரையிலும் வருகிறதா என்று பாருங்கள். டேட்டா குறைவென்றால், ரெப்போவை இறக்கும் 'குளோன்' கட்டளையில் 'டெப்த் 1' என்று கொடுங்கள், பழைய வரலாறெல்லாம் இறங்காது. பிழையைப் பார்க்காமல் ஏஐயிடம் போகவே வேண்டாம். அது திருத்தித் தந்தாலும், திருந்திவிட்டதா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

படி 3: முதலில் காரணத்தைக் கேளுங்கள்

'இதைச் சரிசெய்து கொடு' என்று ஆரம்பிக்காமல், 'இது ஏன் நடக்கிறது' என்று கேளுங்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் ஹ, ட, ன போன்ற எழுத்தும், அதோடு சேரும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்று அது விளக்கும். நாம் நான்கு எழுத்தாகப் படிக்கும் 'ஹட்டன்' பைதனுக்கு ஆறு: ஹ, ட, புள்ளி, ட, ன, புள்ளி. ஐந்தோடு வெட்டினால் கடைசிப் புள்ளி போய்விடும். இதை நீங்களே எண்ணிப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

படி 4: தந்த நிரலை நம் ஊர்ப் பெயர்களால் சோதியுங்கள்

நேரம் முழுவதையும் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

கருவி ஒரு தீர்வு தருகிறது என்று வையுங்கள். பைதனின் யூனிகோட்டேட்டா தொகுதியில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண்ணைத் தரும் 'கம்பைனிங்' என்றொரு செயற்கூறு (ஃபங்ஷன்) உண்டு. அது பூச்சியம் தராத குறிகளை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட்டு, அப்புறம் எண்ணுகிறது அந்த நிரல். கூடவே மூன்று டெஸ்டும் எழுதித் தருகிறது: ஹட்டன், பதுளை, எல்ல. மூன்றும் பாஸ். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

இப்போது 'நானுஓயா'வைக் கொடுங்கள். நமக்கு நான்கே எழுத்து, வெட்டவே கூடாது. ஆனால் 'நானுஓ' என்று வரும். 'கொட்டகலை' ஐந்து எழுத்து, அதுவும் 'கொட்டக' என்று நின்றுவிடும். காரணம், அந்தச் செயற்கூறு தமிழ்ப் புள்ளிக்கு 9 என்ற எண்ணைத் தருகிறது, காலுக்கும் கொம்புக்கும் மற்ற உயிர்க்குறிகளுக்கும் பூச்சியம்தான் தருகிறது. ஆக, புள்ளி ஒட்டிக்கொள்கிறது, மற்றவை தனி எழுத்தாகவே எண்ணப்படுகின்றன. பதுளையும் எல்லவும் தப்பியது அவை குட்டிப் பெயர்கள் என்பதால். நிரலைத் திருத்தாமல் விட்டிருந்தாலும் அவை தப்பியிருக்கும், அந்த இரண்டு டெஸ்டும் எதையும் நிரூபிக்கவில்லை.

அதே தொகுதியில் எழுத்தின் வகையைச் சொல்லும் 'கேட்டகரி'யைக் கேட்டு, எம் என்ற எழுத்தில் தொடங்கும் வகையையெல்லாம் ஒட்டினால் இந்தப் பெயர்கள் சரியாக வரும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஹட்டனிலிருந்து பதுளை வரைக்கும் உள்ள நிலையங்களின் பெயர் தெரிந்தால் போதும். தூரத்து நாட்டில் இருந்து திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும், உங்கள் பங்களிப்பின் மதிப்பே அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. கருவி ஏதாவது நூலகத்தை நிறுவச் சொன்னால், அப்படி ஒன்று உண்மையில் இருக்கிறதா, யார் பராமரிக்கிறார்கள் என்று பார்த்த பிறகே நிறுவுங்கள். இல்லாத பெயர்களை அது உறுதியாகச் சொல்லும். அந்தப் பெயரிலேயே தீங்கு நிரலைப் பதிவுசெய்து காத்திருப்பவர்களும் உண்டு.

படி 5: உரிமமும் கையொப்பமும்

கடவுச்சொல், ஏபிஐ சாவி (நிரல்கள் ஒரு சேவைக்குள் நுழையப் பயன்படுத்தும் இரகசியக் குறி), வெளியிடப்படாத பாதுகாப்புக் குறை, இவற்றை ஏஐ பெட்டிக்குள் ஒட்டாதீர்கள். சில திட்டங்கள் கொமிட்டில் (நீங்கள் செய்த மாற்றத்தின் பதிவு) 'சைன்ட்-ஓஃப்-பை' வரி கேட்கும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 2004இல் வந்த வழக்கம் இது. இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் தரும் உறுதிமொழி அது. ஏஐ அந்த வரியைப் போடக் கூடாது, மனிதர்தான் போட வேண்டும் என்று கர்னலின் வழிகாட்டி சொல்கிறது. கருவி உதவியிருந்தால் 'அசிஸ்டட்-பை' என்று தனி வரி எழுதச் சொல்கிறது. உங்கள் திட்டம் கேட்காவிட்டாலும், எதற்கு உதவி வாங்கினீர்கள் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

படி 6: விளக்கத்தை நீங்களே எழுதுங்கள்

நம் பிள்ளைகள் அதிகம் தயங்கும் இடம் இது. இங்கிலிஷ் பிழையாகிவிடுமோ என்று பயந்து, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) விளக்கத்தை முழுக்க ஏஐயிடம் விட்டுவிடுகிறார்கள். அது தலைப்பும் துணைத்தலைப்புமாக ஒரு பக்கம் எழுதித் தரும். மெயின்டெய்னருக்கு அதைக் கண்டாலே அலுப்பு. இணையத்தில் தரவை அனுப்பவும் இறக்கவும் உதவும் கர்ல் என்ற கருவியின் திட்டத்துக்கு ஏஐ எழுதிய பொய்யான பாதுகாப்பு அறிக்கைகள் வந்து குவிந்தன. பிழை கண்டுபிடிப்பவருக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தையே 2026 ஜனவரி இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். அத்தனையையும் மனிதர்கள் உட்கார்ந்து வாசிக்க வேண்டியிருந்தது.

மூன்று வாக்கியம் போதும்: என்ன பிழை, என்ன மாற்றினேன், எந்தப் பெயர்களால் சோதித்தேன். உடைந்த இங்கிலிஷ் பரவாயில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதியதைக் கொடுத்து, இலக்கணத்தை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். திருத்தி வந்ததில் உங்களுக்குப் புரியாத சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 7: அனுப்பிய பிறகு

அனுப்பும் முன், மாறிய வரிகளைக் காட்டும் 'கிட் டிஃப்' கட்டளையைப் போட்டு ஒவ்வொரு வரியையும் கடைசியாக ஒருமுறை பாருங்கள். ஏன் இருக்கிறது என்று சொல்லத் தெரியாத வரி இருந்தால் அனுப்ப வேண்டாம். மெயின்டெய்னர் கேள்வி கேட்டால், அதை ஏஐயில் ஒட்டி, வந்த பதிலை அப்படியே திருப்பி ஒட்டாதீர்கள். தெரியாவிட்டால், 'தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று எழுதுங்கள். மழைக்குச் சிக்னல் போய்விட்டால், தாமதமாகும் என்று ஒரு வரி போடுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

மாற்றம் ஏற்கப்பட்டால், அடுத்த வேலை அங்கேயே இருக்கிறது. 'லக்ஷபான' என்ற ஊர்ப் பெயரில் க்ஷவை ஓர் எழுத்தாக எண்ணுவதா, இரண்டாகவா? நீங்கள் திருத்திய நிரல் இரண்டாகத்தான் எண்ணும். அதைப் புது இஷ்யூவாகத் திறந்து, உங்கள் கருத்து என்னவென்று எழுதுங்கள்.