போர்க்காயப் பதக்கம் கேட்டு எழுதுமுன்: முன்னாள் ராணுவத்தினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மார்கழியில் ஏற்காட்டிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். நாகலூர் பக்கம் வீடு, காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். இருபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் நின்றபடியே இறங்கி வந்ததில் இடது கால் வீங்கியிருந்தது. பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினார். கெண்டைக்காலில் ஒரு நீளத் தழும்பு, அதைச் சுற்றி மிளகு தெளித்த மாதிரி நாலைந்து கறுப்புப் புள்ளிகள். 1987 அக்டோபர், யாழ்ப்பாணம், மோர்ட்டார் குண்டுச் சிதறல். “இதுக்கு மேல என்னங்க ப்ரூஃப் வேணும்?” என்றார்.

வேணும் அண்ணா, நிறைய வேணும் என்று சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. நானும் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து வந்தவன். இப்போது சேலத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. மனு அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய பட்டாளத்துக்காரர்கள். காயம் உண்மை, ஆள் உண்மை, மனு மட்டும் கோணல். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பதக்கம் எது என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். இதன் பெயர் பராக்கிரம பதக்கம், பட்டாளத்தில் வூண்ட் மெடல் என்பார்கள். 1973-ல் ஏற்படுத்தியது. எதிரியின் நேரடித் தாக்குதலால் காயம் பட்டிருக்க வேண்டும், அது போரானாலும் சரி, உள்நாட்டுத் தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையானாலும் சரி. ‘நேரடி’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் முக்கால்வாசி மனுக்கள் விழுகின்றன. ஆபரேஷன் ஏரியாவில் வண்டி கவிழ்ந்து கால் உடைந்தவர், பனியில் விரல் போனவர் எல்லாரும் பட்டது பெரிய பாடுதான், ஆனால் இந்தப் பதக்கத்தின் கணக்கு வேறு. ‘பேட்டில் கேஷுவல்ட்டி’, அதாவது போர் நடவடிக்கையில் பாதிக்கப்பட்டவர், என்று பதிவாகியிருந்தாலே பதக்கம் தானாக வரும் என்று நினைப்பதும் தப்பு. அந்தப் பட்டியல் பெரிய வட்டம், பதக்கம் அதற்குள் ஒரு சின்ன வட்டம்.

இதோடு ஒட்டியே வருவது பென்ஷன் குழப்பம். ஒரே மனுவில் பதக்கமும் கொடு, போர்க்காய பென்ஷனும் கொடு, முழங்கால் ஆபரேஷனுக்கு வழியும் செய் என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்கு அது ஒரே வாழ்க்கை, ஒரே கால், புரிகிறது. ஆனால் படிக்கிற மேஜை ஒன்றல்ல. பதக்கம் ஒரு பிரிவு, பென்ஷன் இன்னொரு பிரிவு, வைத்தியம் ஈ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம். மூன்றையும் கலந்தால் எந்த மேஜையும் அதைத் தன் வேலை என்று எடுக்காது. பென்ஷனுக்கு 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக ஆணைதான் அடிப்படை. அதில் ஆங்கில எழுத்தில் ஏ முதல் ஈ வரை ஐந்து வகை இருக்கிறது. எல்லைப் பக்கம் நம்மவர்களே புதைத்த கண்ணிவெடி வெடித்துக் காயம் பட்டாலும் ஈ வகையில் வர இடம் இருக்கிறது, அதாவது அங்கே எதிரி நேரடியாக அடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காசும் கணிசம்: சர்வீஸ் முடித்து வந்தவருக்கு நூறு சதவீதக் குறைபாடு என்றால் பென்ஷனில் ஊனத்துக்காகச் சேரும் சாதாரண ஊனப் பங்கு சம்பளத்தில் 30 சதவீதம், போர்க்காயப் பங்கு அதற்கு இரட்டிப்பு, குறைபாடு குறையக் குறைய இதுவும் குறையும். ஆக பதக்கம் கிடைக்காதவருக்கும் இந்த பென்ஷன் கிடைக்கலாம். தனி மனு போடுங்கள்.

அப்புறம் ஜனாதிபதிக்கு எழுதுவது. பிரதமருக்கு ஒன்று, முதலமைச்சருக்கு ஒன்று, ராணுவத் தளபதிக்கு ஒன்று, எல்லாம் ரிஜிஸ்டர் தபால். மனசு ஆறும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதம் மேஜை மேஜையாக இறங்கி, ‘தக்க நடவடிக்கைக்கு’ என்ற சீலோடு கடைசியில் உங்கள் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கிற, உங்கள் ரெஜிமெண்ட்டின் ரெக்கார்ட் ஆபீசுக்குத்தான் வந்து சேரும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெல்லிங்டன், மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். நேராக அங்கே எழுதுங்கள், நகல் ஒன்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இப்போது எல்லாவற்றிலும் பெரிய தவறு. கதையை நம்புவது.

நம் அண்ணன் என்னிடம் வருவதற்கு முன் மூன்று மனு போட்டிருந்தார். முதல் மனுவை ஒரு வாத்தியார் இங்கிலீஷில் எழுதித் தந்திருக்கிறார், அதில் கையெறி குண்டு. இரண்டாவதில் துப்பாக்கிச் சூடு. மூன்றாவதில் மறுபடி குண்டு, கூடவே காயத்தோடு இரண்டு பேரைத் தூக்கி வந்த கதை. தேதியும் ஒன்றில் 1988. அண்ணன் பொய் சொல்கிற ஆள் இல்லை; தமிழில் சொன்னதை ஆளாளுக்குத் தங்கள் ரசனைக்கு எழுதிவிட்டார்கள், இவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் ரெக்கார்ட் ஆபீசில் இந்த மூன்றும் ஒரே ஃபைலில் அடுக்கி இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கிற பையன் அப்போது பிறந்திருக்கவே மாட்டான், அவனுக்குத் தெரிந்தது காகிதம் மட்டும்தான். ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்கிற மூன்று கதைகளைப் பார்த்தால் அவன் என்ன செய்வான்?

“பெட்டியைக் கொண்டு வாங்க அண்ணா” என்றேன். அடுத்த வாரம் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்தார், அந்துருண்டை வாசனை கடை முழுக்க. டிஸ்சார்ஜ் புக், கல்யாணப் பத்திரிகை, கேன்டீன் பில், மகளின் மார்க் ஷீட். எல்லாவற்றுக்கும் அடியில், நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் செய்தபோது கொடுத்த ஒரு சீட்டு. கார்பன் காப்பி, ஊதா எழுத்து மங்கிப்போய்விட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ‘ஜி.எஸ்.டபிள்யூ ஸ்பிளின்டர் லெஃப்ட் லெக்’ என்று ஒரு வரி, பக்கத்தில் தேதி, அதற்குப் பக்கத்தில் ‘ஆப் பவன்’, அதாவது ஆபரேஷன் பவன், யாழ்ப்பாணத்தில் நம் ராணுவம் நடத்திய நடவடிக்கையின் பெயர். இத்தனை வருஷமாக இதை ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். “ஜி.எஸ்.டபிள்யூன்னா துப்பாக்கிக் காயம்ங்க, எனக்குப் பட்டது குண்டுச் சிதறல். தப்பா எழுதிட்டாங்க, காட்டினா கேஸ் கெட்டுடும்னு வெச்சிட்டேன்” என்றார். அடுத்த சொல்லே ஸ்பிளின்டர் என்று இருப்பதை அவர் கவனிக்கவே இல்லை! மூன்று மனுவிலும் இல்லாத பலம் அந்த ஒற்றை வரியில் இருந்தது.

அதனால் பதக்கம் கேட்பதற்கு முன் காகிதம் கேளுங்கள். அன்றைக்கே எழுதப்பட்டது எதுவோ அதுதான் பேசும். காய அறிக்கை, ஆஸ்பத்திரிச் சேர்க்கைப் பதிவு, யூனிட் வெளியிட்ட பார்ட் டூ ஆர்டர். கல்யாணம், குழந்தை, லீவு, ஆஸ்பத்திரி என்று உங்களைப் பற்றிய எல்லாமே பார்ட் டூ ஆர்டரில்தான் ஏறியிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். இதிலும் ஒரு தப்பு நடக்கிறது: ‘எனக்கு ஏன் பதக்கம் தரவில்லை?’ என்று கேட்கிறார்கள். அந்தச் சட்டம் நியாயம் கேட்க இல்லை, இருக்கிற ஆவணத்தின் நகல் கேட்கத்தான். ‘இந்த நம்பர், இந்தப் பெயர், 1987 அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளியான பார்ட் டூ ஆர்டர் நகல்’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அல்லது மறுத்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதைத் தள்ளிப்போடவும் கூடாது. பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஆவணங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிட விதியே இருக்கிறது.

வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டையும் எடுத்துப் பாருங்கள். ஊருக்கு ரயில் பிடிக்கிற அவசரத்தில் ‘குறை ஒன்றும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர். அதை மறைத்து மனு போட்டால் அவர்களே எடுத்துக் காட்டுவார்கள். நீங்களே முதலில் சொல்லி, ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்று இரண்டு வரியில் விளக்கிவிடுவது நல்லது.

புது எக்ஸ்ரே எடுத்து அனுப்புகிறார்கள், நல்லதுதான். உள்ளே இரும்புத் துண்டு இருப்பதை அது காட்டும், யார் அடித்தது என்று காட்டாது, அவ்வளவுதான் அதன் எல்லை. ஆனால் ஒன்று, உடம்பில் சிதறல் இருக்கிறவர்கள் ஸ்கேன் சென்டரில் அதைச் சொல்லாமல் எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்காதீர்கள். காந்தம் இரும்பை இழுக்கும், பதக்கத்தை விடக் கால் முக்கியம்.

சாட்சிக் கடிதம் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து பேர், ஐந்து நோட்டரி, ஐந்திலும் ஒரே வாசகம், எழுத்துப்பிழை கூட ஒன்றே. அது ஒருத்தர் எழுதியது என்று குழந்தைக்கும் தெரியும். பட்டாளத்தில் உங்கள் கம்பெனியில், அதாவது உங்கள் படைப்பிரிவில், அன்றைக்கு இருந்த ஒரே ஒருவர், தான் பார்த்ததை மட்டும் தன் வார்த்தையில் எழுதி, தன் டிஸ்சார்ஜ் புக் நகலையும் சேர்த்தால் போதும்.

பெயர், முகவரி விஷயம் நம் ஊருக்கே உரிய தலைவலி. வீட்டில் இனிஷியல், பட்டாளத்தில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் வேறொரு ஸ்பெல்லிங். இதற்கு மேல் மாவட்டம் வேறு பிரிந்திருக்கிறது. ராசிபுரம், திருச்செங்கோடு ஆட்கள் சேர்ந்தபோது எழுதியது சேலம் மாவட்டம், 1997-லிருந்து நாமக்கல். பழைய முகவரிக்குப் போன பதில் திரும்பிப் போய், ‘மனுதாரர் பதிலளிக்கவில்லை’ என்று ஃபைலை மூடிய கதை எனக்கே தெரியும். மனுவில் இரண்டு முகவரியையும் எழுதி, இரண்டும் ஒன்றே என்று ஒரு வரி சேருங்கள்.

மறுத்துப் பதில் வந்தால் பீரோவில் வைத்துவிட்டுத் திரும்ப அதே மனுவை அனுப்பாதீர்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலேயே கிளை இருக்கிறது. கடைசி மறுப்பிலிருந்து ஆறு மாதம் கெடு. பதிலே வராவிட்டால் மனு போட்டு ஆறு மாதம் பொறுத்து, அடுத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டும். ஊன பென்ஷனில் பாக்கி மாதா மாதம் ஏறுவதால் உச்ச நீதிமன்றம் 2008-ல் ஒரு வழக்கில் தாமதத்தைப் பொறுத்து, மூன்று வருஷ நிலுவை மட்டும் கொடுத்தது. பதக்கத்துக்கு அந்த வாதம் அப்படியே ஒட்டாது. பழைய கோரிக்கைக்குப் புது மனு போட்டு ஒரு பதில் வாங்கிவிட்டதாலேயே கெடு புதிதாகத் தொடங்காது என்றும் அதே வருஷம் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கடையில் கிடைக்கிற பதக்கத்தை வாங்கிக் குத்திக்கொண்டு ஆகஸ்ட் 15-க்கு நிற்பது, கமிஷன் ஏஜென்டிடம் டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினலைக் கொடுப்பது, இவை பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, செய்யாதீர்கள்.

நம் அண்ணனுக்குப் பழைய மூன்று மனுக்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றில் இருக்கிற முரண் எப்படி வந்தது என்று ஒரு பத்தி, சீட்டின் நகல், பார்ட் டூ ஆர்டருக்கு ஆர்.டி.ஐ. பதில், எல்லாம் சேர்த்து ஒன்றரைப் பக்கத்தில் அடித்துக் கொடுத்தேன். தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினேன். “இரண்டு பேரைத் தூக்கிட்டு வந்தது இதுல இல்லீங்களே” என்றார். அது நடந்ததா அண்ணா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “என்னைத்தாங்க ரெண்டு பேர் தூக்கிட்டு வந்தாங்க” என்றார்.