போர்க்கைதியைக் கையேற்கும்போது ராணுவ போலீஸ் செய்ய வேண்டியவை

பிடிபட்டவரைச் சண்டை முனையிலிருந்து பின்னே உள்ள முகாமுக்குச் சேர்ப்பது ராணுவ போலீஸின் முக்கிய வேலைகளில் ஒன்று. அமெரிக்க ராணுவம் பின்பற்றும் வரிசை இது: சோதனை, பேசவிடாமை, பிரித்துவைத்தல், விரைந்து அனுப்புதல், பாதுகாப்பு, சீட்டுக் கட்டுதல். சீட்டு கடைசியில் வருகிறது என்று அதை லேசாக நினைத்துவிடாதீர்கள்.

சோதனைக்கு இருவர் வேண்டும். ஒருவர் தடவிப் பார்க்க, மற்றவர் துப்பாக்கியுடன் பக்கவாட்டில் நிற்க வேண்டும். சோதிப்பவர் தன் ஆயுதத்தைக் கைதிக்கு எட்டாமல் வைத்துவிட வேண்டும். காவல் நிற்பவரின் துப்பாக்கிக்கும் கைதிக்கும் குறுக்கே போகக் கூடாது. பெண்களைப் பெண்களே சோதிப்பதுதான் முறை.

ஆயுதம், ராணுவ ஆவணங்களை எடுத்துக்கொள்ளலாம். உடை, தலைக்கவசம், வாயுமுகமூடி, அடையாள அட்டை, பதவிச் சின்னம் கைதியிடமே இருக்கட்டும். பணத்தை எடுக்க அதிகாரியின் உத்தரவு வேண்டும். தொகையைப் பதிவேட்டில் எழுதி ரசீதும் தர வேண்டும். 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, 18-ஆம் பிரிவு சொல்வது இது.

அதிகாரிகள், சிப்பாய்கள், பொதுமக்கள், பெண்கள், சிறுவர்களைத் தனித்தனியே வையுங்கள்.

இனி சீட்டு. இதற்கான அமெரிக்க ராணுவப் படிவமான டிடி 2745 மூன்று துண்டாகக் கிழியும். மூன்றிலும் ஒரே எண். ஏ துண்டு கைதியின் மேல், பி பிடித்த யூனிட்டிடம், சி உடைமைப் பையில். பிடித்த நாள், நேரம், யூனிட், சூழல் எல்லாம் எழுத வேண்டும். இடத்துக்கு 'ரோட்டோரம்' என்று எழுதினால் பயனில்லை, வரைபடக் கட்ட எண் வேண்டும். பத்துப் பேரைப் பிடித்து, முகாமுக்கு வந்தபின் மொத்தமாக எழுதினால், எந்த வரைபடம் யார் பையில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விசாரணைக்கும் அது உதவாது, பின்னால் வழக்குக்கும் நிற்காது. பிடித்த இடத்திலேயே எழுதுங்கள்.

கைதி சொல்லக் கடமைப்பட்டவை பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் மட்டுமே. அதற்கு மேல் விசாரிப்பது உளவுப் பிரிவின் பொறுப்பு. காவலர்கள் விசாரணைக்காகக் கைதியை 'பதப்படுத்த', அதாவது மிரட்டிப் பணியவைக்க, இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்கக் காவலர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்திய ஈராக்கின் அபு கிரைப் சிறை சாட்சி. அதை விசாரித்த அமெரிக்க ஜெனரல் டகூபாவின், 2004-இல் வெளிவந்த அறிக்கை இன்னொன்றையும் பதிவு செய்தது: கணக்கில் வராத சில கைதிகள், செஞ்சிலுவைக் குழுவின் கண்ணில் படாமல் சிறைக்குள் இடம் மாற்றப்பட்டார்கள். பதிவில் இல்லாத மனிதரை எதுவும் செய்யலாம் என்ற துணிச்சல் இப்படித்தான் வருகிறது.

ஆகவே கைமாற்றும்போது தலைகளை எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்டு, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். சீட்டில்லாமல் ஒருவரைக் கொண்டுவந்தால், பிடித்த யூனிட் ஆளை நிறுத்திச் சீட்டை எழுத வைத்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.