'எனக்குக் கணக்கு வராது' என்று மனசு சொன்னால்

'நமக்குத்தான் கணக்கு வராதே' என்று உள்ளே ஒரு குரல் முணுமுணுத்தால் அதோடு சண்டைக்குப் போகாதீர்கள், அந்த வரியை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் கவனித்தது இதைத்தான்: தானாக எழும் இந்த எண்ணங்கள் சட்டென்று வந்துபோவதால் நாம் சோதித்துப் பார்ப்பதே இல்லை. பக்கத்திலேயே எதிர்சாட்சியும் எழுதுங்கள். ஏலச்சீட்டில் தள்ளுபடி போகக் கைக்கு எவ்வளவு வரும் என்று மனக்கணக்காகவே சொல்கிறீர்களே, அது கணக்கில்லையா? அப்புறம் 'வராது' என்பதை 'சதவீதத்தில் மட்டும் தடுமாறுகிறேன்' என்று திருத்துங்கள். சதவீதத்தைக் கற்றுக்கொள்ளலாம். கண்ணாடி முன் நின்று 'நான் கெட்டிக்காரி' என்று நூறு தடவை சொல்வதிலெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை. பதற்றமாக இருந்தால் 'சரி செல்வி, முதல் வரியைப் படி' என்று உங்களையே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். உளவியலாளர் ஈத்தன் க்ராஸ் குழுவின் 2014 ஆய்வில் அப்படிப் பேசியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது.