தொண்டையில எலும்புன்னு கையை விட்டுராதீங்க

தோட்டத்துச் சாளை வீட்டில் காவலுக்கு இருக்கும் நாய். காலையிலிருந்து எச்சில் கோழையாக ஒழுகுது, வாயை மூட முடியலை. தண்ணி வைத்தால் நக்கிப் பார்க்குது, உள்ளே இறங்கலை. "எலும்பு சிக்கிக்கிச்சாட்ட இருக்குதுங்க" என்று யாராவது வாயைப் பிளந்து விரலை விட்டுத் துழாவுவார்கள். நாய் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதுக்கு மேல ஆபத்தானது கிடையாது.

வெறிநாய் என்றால் துரத்தும், கடிக்கும் என்றுதான் நினைக்கிறோம். ரேபிஸின் இன்னொரு வகையில் நாய் சும்மா ஒரு மூலையில் கிடக்கும். தாடையும் தொண்டையும் செயலிழந்து போவதால், பார்க்க எலும்பு மாட்டியது போலவே இருக்கும். குரைப்புக்கூட மாறிவிடும். எச்சிலில் வைரஸ் இருக்கும். தேங்காய் உரிக்கிற கையில் சிராய்ப்பு இல்லாமலா போகும்? நாயை அறையில் அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே கை விட்டாச்சு என்றால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணியில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம்தான். நாய் சாகுதான்னு பார்த்துவிட்டுப் போகலாம் என்ற பேச்சே வேண்டாம்.

எலும்பு என்று ஏமாற வைப்பது இன்னொன்றும் உண்டு. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் நாயை போர்டிங்கில் விட்டுப் போவார்கள். திரும்பி வந்த சில நாளில் அது 'கர்க் கர்க்' என்று வறட்டு இருமல் இருமி, கடைசியில் வெள்ளை நுரை கக்கும். பல நாய்கள் ஒன்றாக இருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு வரும் தொற்று இருமல் அது. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் இருமல் கூடும்; நெஞ்சுப்பட்டைக்கு மாற்றுங்கள்.

மூக்கில் ரத்தம் வந்தால் "சூடுங்க, மோர் ஊத்துங்க" என்பது நம்ம பக்கத்து வைத்தியம். மோர் கெடுதல் செய்யாது. கடத்துகிற நாள்தான் கெடுதல். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ஆட்டுக்குப் பின்னாலேயே திரியும் நாய்க்குக் காது மடலைப் புரட்டிப் பாருங்கள், உண்ணி கொத்தாக இருக்கும். அது கடத்தும் எர்லிக்கியா கிருமியால் ரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோகும். ஈறு வெளுத்து, வயிற்றில் ஊதாப் புள்ளி தெரிந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். வழக்கமாக 28 நாள் மாத்திரை. நாலு நாளில் நாய் எழுந்து ஓடினாலும் நிறுத்தக் கூடாது. வயசான நாய்க்கு ஒரு துவாரத்தில் மட்டும் அடிக்கடி ரத்தம் வந்தால் கட்டியா என்றும் பார்க்கணும்.

பூனைக்குச் சளி என்று ஊட்டியில் வாங்கிய நீலகிரித் தைலத்தை மூக்கில் தடவுவார்கள். பூனை அதை நக்கும், அதுக்கு அது விஷம். பாராசிட்டமால் அதைவிட மோசம்: பாதி மாத்திரையே உயிரை எடுத்துவிடும், அதை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, அதனால்தான் தின்னாது. "பசிச்சா தானா திங்கும்" என்று ரெண்டு மூணு நாள் விட்டால் ஈரலில் கொழுப்பு படியும். மூக்கை ஈரத்துணியால் துடைத்து, மீனை வெதுவெதுப்பாக்கி வையுங்கள்; ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சப்பை மூக்குள்ள பக் நாயின் குறட்டையை வீடியோ எடுத்துச் சிரிக்கிறோம். அது மூச்சுக்குத் திணறும் சத்தம். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் அதை மத்தியானம் நடத்திக்கொண்டு போகாதீர்கள். நாக்கு நீலம் பூத்தால் உடம்பை நனைத்து, காற்றுப் படும்படி வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்.